முதலில் எந்த வீட்டுக்கு?

நாங்கள் வாடகைக்கு இருந்த அந்த வீட்டில் மின் மீட்டர் வாசற்கதவுக்குப் பின்னால், செருப்பு விடும் இடத்துக்கு நேர் மேலே இருந்தது. முன்கூட்டியே பணம் கட்டி ஓட்டும் மீட்டர். கடையில் காசு கொடுத்து ஒரு சாவியில் ஏற்றிக்கொண்டு வந்து மீட்டரில் செருக வேண்டும். மிச்சம் எவ்வளவு என்று சின்னத் திரையில் தெரியும். குளிர்காலத்தில் வெளியே கிளம்பும்போதும் திரும்பி வரும்போதும் என் கண் முதலில் அந்தத் திரைக்குத்தான் போகும். எங்களிடம் இருந்தது இரண்டு கம்பி ஹீட்டர் ஒன்று. இரண்டு கம்பியையும் போட்டால் எண் மளமளவென்று இறங்கும். அதனால் ஒரு கம்பிதான் போடுவோம். அதுவும் குழந்தை பள்ளியிலிருந்து வந்த நேரம் முதல் தூங்கப் போகும் வரை மட்டும்.

படுக்கையறையின் வடக்குச் சுவரில் பூஞ்சணம் பிடித்திருந்தது. அலமாரியை நகர்த்தினால் பின்னால் ஆள் உயரத்துக்குக் கறுப்புப் புள்ளிகள். வாரம் ஒருமுறை மருந்து போட்டுத் துடைப்பேன், பத்து நாளில் திரும்ப வந்துவிடும். வீட்டுக்குள் நாம் விடும் மூச்சு, துணி காய்வது, சமையலில் எழும் ஆவி எல்லாம் காற்றில் ஈரமாகச் சேர்கின்றன. சுவர் குளிர்ந்து கிடந்தால் அந்த ஈரம் சுவரில்தான் வந்து படியும். சுவரைச் சூடாக வைத்திருந்தால் பூஞ்சணத்துக்கு இடமில்லை. இது எனக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் சுவரைச் சூடாக்கும் அளவுக்கு அந்த மீட்டரில் பணம் இருந்ததில்லை. குழந்தைக்கு ஐப்பசியில் தொடங்கும் இருமல் பங்குனி வரை ஓயாது.

எங்களுக்குக் கீழே, தரைத்தளத்தில், வயதான அம்மா ஒருவர் தனியாக இருந்தார். மாடியில் இருந்த எங்களுக்குச் சுவர்தான் பிரச்சினை, அவருக்குத் தரையும் சேர்ந்தே குளிரும். இரண்டு ஸ்வெட்டர், அதன்மேல் ஒரு சால்வை, காலில் கம்பளிச் சாக்ஸ் என்று எப்போதும் சமையலறை நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பார். நான் எட்டிப் பார்த்தால் உடனே எழுந்துபோய் ஹீட்டரைப் போடுவார். “எதுக்கும்மா?” என்றால், “நீ இருக்கும்போதாவது போடுறேன் தம்பி. எனக்கு ஒருத்திக்கு எதுக்கு?” என்பார்.

அந்த வீட்டில் ஆறு குளிர்காலம் இருந்தோம்.

அப்புறம் சேமித்து, கடன் வாங்கி, சொந்தமாக ஒரு சின்ன வீடு வாங்கினோம். வாங்கிய அடுத்த வருடம், வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்புக்கு அரசு மானியம் இருப்பதாகக் கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். படிவத்தின் முதல் கேள்வி, வீடு உங்கள் பெயரில் இருக்கிறதா என்பது. ஆம் என்று டிக் செய்ததும் மீதி எல்லாம் சரசரவென்று நடந்தது. ஆட்கள் வந்து அளந்தார்கள், ஒரு வாரத்தில் பொருத்திவிட்டார்கள். செலவில் கணிசமான பங்கை அரசு கொடுத்தது, மீதியைக் கையிலிருந்து கொடுக்க முடிந்தது. அந்தக் குளிர்காலத்தில் முதல்முறையாக வீடு முழுக்க, கழிப்பறை உட்பட, 20 டிகிரி இருந்தது. குழந்தை வெறுங்காலோடு தரையில் உட்கார்ந்து விளையாடுவதைப் பார்த்து எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அந்தச் சந்தோஷத்தோடு சேர்ந்து வந்த ஒரு கேள்வி இன்னும் போகவில்லை. சுவரெல்லாம் பூஞ்சணமும் குழந்தைக்கு ஓயாத இருமலுமாகக் கிடந்த காலத்தில், அந்தப் படிவத்தில் எனக்கு ஒரு கட்டம்கூட இல்லை. கொஞ்சம் வசதி வந்து, கடன் வாங்கியாவது சமாளித்திருக்கக்கூடிய நிலைமையில்தான் அரசின் பணம் வந்து சேர்ந்தது. தரைத்தளத்து அம்மாவுக்கு அது இன்றுவரை வரவில்லை. இந்த அநியாயத்தைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

ஹீட் பம்ப் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தால் சூடாக இருக்கும் அல்லவா? உள்ளே இருக்கும் பொருள்களிலிருந்து உறிஞ்சிய வெப்பத்தை அது பின்னால் தள்ளிக்கொண்டிருக்கிறது. ஹீட் பம்ப் அதே வேலையை வீட்டுக்காகச் செய்கிறது. வெளிக்காற்று நமக்குக் குளிர்ந்தாலும் அதில் வெப்பம் இருக்கவே செய்யும். அதை உறிஞ்சி, அழுத்தி, உள்ளே கொண்டுவந்து விடுகிறது. மின்சாரம் வெப்பத்தை உண்டாக்குவதற்குச் செலவாகவில்லை, இடம் மாற்றுவதற்குத்தான் செலவாகிறது. அதனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும், நன்றாகப் பொருத்தினால் நான்குகூடக் கிடைக்கும். என் பழைய கம்பி ஹீட்டரில் ஒன்றுக்கு ஒன்றுதான். வீட்டுக்குள் எதுவும் எரிவதில்லை, புகை இல்லை, கார்பன் மோனாக்சைடு பயம் இல்லை. இது நேற்று கண்டுபிடித்த சங்கதியும் இல்லை. பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று அழைக்கப்பட்ட வில்லியம் தாம்சன் 1852-லேயே இந்த யோசனையை எழுதிவைத்தார். கடுங்குளிரில் வேலை செய்யாது என்று சிலர் சொல்வதும் சரியில்லை. நார்வேயில் 100 வீட்டில் ஏறத்தாழ 60-ல் இது ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆக, விஞ்ஞானம் தயாராகத்தான் இருக்கிறது. அது யார் வீட்டுக்குப் போகிறது என்பதில்தான் சிக்கல்.

அமெரிக்காவில் வீட்டுக்கான தூய ஆற்றல் சாதனங்களுக்குப் பல வருடமாக வருமான வரிச் சலுகை கொடுத்தார்கள். ஜன்னல் மாற்றினால், சூடு வெளியேறாமல் தடுக்கும் இன்சுலேஷனைச் சுவருக்குப் போட்டால், சோலார் வைத்தால், ஹீட் பம்ப் பொருத்தினால், செலவில் ஒரு பகுதியைக் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். செவரின் போரன்ஸ்டீன், லூகாஸ் டேவிஸ் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2006 முதல் கொடுத்த சலுகைகள் யாருக்குப் போயின என்று வரிக்கணக்கை வைத்தே பார்த்தார்கள். வருமானத்தில் மேலே இருக்கும் ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்களுக்குச் சுமார் 60 சதவீதம் போயிருந்தது. கீழே இருக்கும் ஐந்தில் மூன்று பங்குக் குடும்பங்களுக்கு எல்லாம் சேர்த்துச் சுமார் 10 சதவீதம்தான்.

இது எப்படி நடந்தது? யாரும் ஏழைகளை ஒதுக்க வேண்டும் என்று உட்கார்ந்து திட்டம் போடவில்லை. வரியில் கழித்துக்கொள்வதென்றால் முதலில் கழிக்கும் அளவுக்கு வரி இருக்க வேண்டும். வருமானம் குறைவாக இருந்து வரியே கட்டாதவருக்கு எதில் கழிப்பது? 2022-ல் அங்கே வந்த புதிய சட்டத்தில் ஹீட் பம்புக்கு 30 சதவீதம், 2,000 டாலர் வரை என்று சலுகையைக் கூட்டினார்கள். 2025 இறுதிவரை இருந்த அந்தச் சலுகையிலும் இதே நிலைமைதான். வரி இல்லாதவருக்குத் திருப்பிக் கையில் கொடுக்கும் ஏற்பாடு அதில் இருக்கவில்லை. அதோடு, செலவை முதலில் முழுசாகச் செய்துவிட்டு அடுத்த வருடம் வரிக்கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. மாதக் கடைசியில் மீட்டருக்குச் சில்லறை பொறுக்கும் வீட்டில் அது நடக்காது.

பிரிட்டனில் 2022-ல் தொடங்கிய, எரிவாயுவோ எண்ணெயோ எரித்து வீட்டைச் சூடாக்கும் பாய்லரை மாற்றும் திட்டம் வரிச் சலுகையாக இல்லாமல் நேரடி மானியமாகவே வந்தது. 2023 அக்டோபரில் அதை 7,500 பவுண்டாக உயர்த்தினார்கள். வருமானம் என்ன என்று கேட்காமல் எல்லோருக்கும் ஒரே தொகை. பார்க்கச் சமத்துவம் போல இருக்கும். ஆனால் மானியம் போக மீதியைப் போடுவதற்குச் சேமிப்பு உள்ளவரிடம் மட்டுமே அது போய்ச் சேரும். அந்த மானியத்துக்கான பணம் சேமிப்பே இல்லாதவரும் கட்டும் வரியிலிருந்து வருகிறது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

வாடகை வீட்டுக்கு வருகிறேன். இதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

ஹீட்டரை மாற்றித் தரச் சொல்லி வீட்டுக்காரரை இரண்டு முறை கேட்டேன். இரண்டாவது முறை அவர் உட்காரவைத்துப் பொறுமையாகவே சொன்னார். “பாருங்க, மாற்றினால் செலவு எனக்கு. மின்கட்டணம் குறைகிறது என்றால் லாபம் உங்களுக்கு. அந்தச் செலவை நான் வாடகையில்தான் ஏற்ற முடியும். ஏற்றினால் உங்களால் கொடுக்க முடியுமா?” முடியாது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நான் பேசாமல் எழுந்து வந்துவிட்டேன்.

அவர் கெட்ட மனிதர் என்று அன்றைக்கும் நினைக்கவில்லை, இன்றைக்கும் நினைக்கவில்லை. கணக்கைச் சரியாகத்தான் போட்டார். செலவு செய்பவர் ஒருவர், பலன் பெறுபவர் இன்னொருவர் என்று இருக்கும்வரை, வீட்டுக்காரர் நல்லவரா கெட்டவரா என்பதைப் பொறுத்து ஒன்றும் மாறப்போவதில்லை. வாடகைக்கு இருப்பவர் தன் கையிலிருந்து செலவு செய்யவும் முடியாது. சுவர் அவருடையதில்லை, துளை போட அனுமதி வேண்டும், போட்டாலும் அடுத்த வருடம் காலி செய்யச் சொன்னால் கழற்றிக்கொண்டா போக முடியும்? அடுக்குமாடி என்றால் இன்னும் கஷ்டம். வெளியே வைக்கும் பெட்டி யாருடைய ஜன்னலுக்கு நேராக நிற்கும், சத்தம் யாருக்குக் கேட்கும், மொட்டை மாடி யாருக்குச் சொந்தம் என்று ஒவ்வொன்றுக்கும் பத்துப் பேர் கையெழுத்து வேண்டும்.

இன்னொரு பயமும் உண்டு. வெளியே சொல்லத் தயங்கும் பயம். வீட்டை மேம்படுத்திவிட்டால் வாடகை ஏறும், அந்த வாடகைக்கு வேறு ஆள் வந்துவிடுவார். குளிர் போவதற்காகக் கேட்டு, கடைசியில் வீடே போய்விட்டால்? என் பக்கத்தில் குடியிருந்த சிலர் பூஞ்சணத்தைப் பற்றிப் புகார் கொடுக்காததற்கு இந்தப் பயமே காரணம்.

இந்த முடிச்சை அவிழ்க்கவே முடியாது என்று சொல்பவர்களுக்கு ஜெர்மனியில் செய்த ஒரு காரியத்தைக் காட்டலாம். அங்கே எரிவாயு, எண்ணெய் போன்ற சூடேற்றும் எரிபொருள்மேல் கார்பன் கட்டணம், அதாவது எரிப்பதால் வெளியாகும் கரியமில வாயுவுக்கான கட்டணம், இருக்கிறது. முன்பு அதை முழுக்க வாடகைக்காரர் தலையிலேயே கட்டிக்கொண்டிருந்தார்கள். பாய்லரைத் தேர்ந்தெடுத்தது அவரா? 2023 ஜனவரியிலிருந்து அதை இரண்டு பேருக்கும் பிரிக்கிறார்கள். வீடு எவ்வளவு மோசமாக இருக்கிறதோ அவ்வளவுக்கு வீட்டுக்காரர் பங்கு கூடும். பத்துப் படிகள் வைத்திருக்கிறார்கள். மிக மோசமான கட்டடத்தில் வீட்டுக்காரர் 95 சதவீதம் கட்ட வேண்டும். சுவரைச் சரிசெய்துவிட்டால் அவர் பங்கு குறையும். இப்படி ஒரு விதி எங்கள் மின் ஹீட்டருக்கும் இருந்திருந்தால், என் பழைய வீட்டுக்காரர் போட்ட கணக்கு தலைகீழாக மாறியிருக்கும். அதே நாட்டில், மேம்படுத்தியதற்காக ஏற்றும் வாடகைக்கும் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள்.

நியூசிலாந்து நேரடியாகவே போனது. 2019-ல் கொண்டுவந்த விதிப்படி, வாடகைக்கு விடும் வீட்டின் முக்கியமான வசிப்பறையை 18 டிகிரிக்குச் சூடாக்கக்கூடிய, நிலையாகப் பொருத்தப்பட்ட ஹீட்டர் இருக்க வேண்டும். கையால் தூக்கிக்கொண்டு போகும் ஹீட்டரைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். 2025 ஜூலைக்குள் எல்லா வாடகை வீடும் இதற்குள் வந்துவிட வேண்டும் என்று கெடு வைத்திருந்தார்கள். அந்த 18 எங்கிருந்து வந்தது என்றால், உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டியில் குளிர்காலத்தில் வீட்டுக்குள் இருக்கவேண்டிய குறைந்த அளவாகச் சொன்னதும் இதே எண்தான். குடிதண்ணீர் வராத வீட்டை வாடகைக்கு விடக்கூடாது என்றால் யாரும் ஆச்சரியப்பட மாட்டோம். குளிர்நாட்டில் சூடும் அந்த மாதிரி ஒன்றுதான்.

அதே நியூசிலாந்தில் பிலிப்பா ஹவுடன்-சாப்மன் என்ற பேராசிரியர் தலைமையில் செய்த ஓர் ஆய்வைப் படித்தபோது என் பழைய வீட்டைப் பற்றியே எழுதியிருப்பது போல இருந்தது. 2008-ல் வெளிவந்தது. 6 முதல் 12 வயதுக்குள், ஆஸ்துமா உள்ள 409 குழந்தைகள். எல்லார் வீட்டுக்கும் முதலில் இன்சுலேஷன் போட்டார்கள். பிறகு குலுக்கல் முறையில் பாதி வீடுகளில் மட்டும், பிளக்கில் மாட்டும் மின் ஹீட்டரையும் புகைப்போக்கி இல்லாத எரிவாயு ஹீட்டரையும் எடுத்துவிட்டு ஹீட் பம்ப் போன்ற நல்ல சாதனங்களை வைத்தார்கள். மீதி வீடுகளுக்கு ஆய்வு முடிந்ததும் கொடுத்தார்கள். வசிப்பறையின் வெப்பம் கூடியது ஒரு டிகிரிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு இரவு இருமலும் இழுப்பும் குறைந்தன, மருத்துவரிடம் போவது குறைந்தது, பள்ளிக்குப் போகாத நாளும் குறைந்தது. ஒரு டிகிரி. நான் ஆறு வருடம் அணைத்து வைத்திருந்த இரண்டாவது கம்பி ஞாபகம் வந்தது.

அடுத்து நான் சொல்லப்போவதைப் பலர் கவனிப்பதில்லை. எனக்கே வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது.

மானியத் திட்டங்கள் பல, இந்த வீட்டை மாற்றினால் எவ்வளவு ஆற்றல் மிச்சமாகும் என்று கேட்டு, அதிகம் மிச்சமாகும் வீட்டுக்கு முன்னுரிமை கொடுக்கின்றன. கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் தரைத்தளத்து அம்மா வீட்டில் என்ன மிச்சமாகும்? அவர் ஏற்கெனவே எதையும் செலவழிக்கவில்லையே. நாள் முழுக்க ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, விருந்தாளி வந்தால் மட்டும் ஒரு கம்பியைப் போடுகிறவர் வீட்டில் ஹீட் பம்ப் வைத்தால் மின்கட்டணம் ஒரு பைசா குறையாது, கூடவும் செய்யலாம். வீடு முழுக்கச் சூடாகும், அவ்வளவுதான் பலன். சேமிப்பை மட்டும் பார்க்கும் கணக்கில் அந்தப் பலனுக்குப் பூஜ்யம் மதிப்பு.

மின்னா சுனிக்கா-பிளாங்க், ரே கால்வின் என்ற இருவர் ஜெர்மன் வீடுகளை ஆராய்ந்து 2012-ல் இதை எழுதினார்கள். கட்டடத்தின் சுவர், ஜன்னல், பாய்லர் ஆகியவற்றை வைத்து இவ்வளவு ஆற்றல் செலவாகும் என்று கணக்கிடுவார்கள் அல்லவா? உண்மையில் அந்த வீடுகளில் சராசரியாக 30 சதவீதம் குறைவாகத்தான் செலவாகிறதாம். வீடு மோசமாக ஆக ஆக இந்த இடைவெளி கூடுகிறது. பெரிய வீட்டில் இருப்பவர் எல்லா அறையையும் இரவும் பகலும் சூடாக வைத்திருந்து, மாற்றியபின் பெரிய எண்ணாகச் சேமித்துக் காட்டுவார். அறிக்கையில் அவர் வீடு வெற்றிக்கதையாக வரும். வாய் மூடிக் குளிரைப் பொறுத்துக்கொண்ட பாட்டியின் சிக்கனம் அவருக்கே எதிராக நிற்கும். இதைப் படித்த அன்று எனக்குக் கோபம் வந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

சரி, எப்படியோ ஒரு ஹீட் பம்ப் ஏழை வீட்டுக்கு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதை ஓட்ட வேண்டும். இங்கே மின்சாரத்தின் விலை குறுக்கே வருகிறது. பிரிட்டனில் சில வருடமாக ஒரு யூனிட் மின்சாரம் ஒரு யூனிட் எரிவாயுவைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு விலை. எரிவாயு விலையை 1 என்று வைத்தால் மின்சாரம் 4. நல்ல பாய்லர் எரிவாயுவில் பத்தில் ஒன்பது பங்கை வெப்பமாக்கும், அதனால் ஒரு யூனிட் வெப்பத்துக்கு 1.1 ஆகிறது. ஹீட் பம்ப் ஒன்றுக்கு மூன்று கொடுத்தால் ஒரு யூனிட் வெப்பத்துக்கு 1.3 ஆகிறது. மூன்று மடங்கு திறமையான சாதனம், ஆனாலும் கட்டணம் கூடுதல்! ஒன்றுக்கு நான்கு கொடுக்கும்படி நேர்த்தியாகப் பொருத்தி, சுவருக்கும் இன்சுலேஷன் போட்டால் கணக்கு ஒட்டிவரும். அந்த நேர்த்திக்கும் பணம் உள்ளவர் வீட்டில்தான் வழி இருக்கிறது. மின்சாரம் இவ்வளவு விலை ஏறியதற்கு ஒரு காரணம், பசுமைத் திட்டங்களுக்கான கட்டணங்களை எரிவாயுவை விட மின்சாரத்தின் மேல் அதிகமாகச் சுமத்தியது. பழைய கம்பி ஹீட்டரோடு கிடக்கும் வாடகைக்காரர்தான் வீட்டுச் சூடு முழுவதையும் மின்சாரத்தில் வாங்குகிறார். பசுமைக்கான அந்தக் கட்டணத்தில் அவர் தருவது தன் வருமானத்துக்குப் பொருந்தாத பங்கு.

எரிவாயுக் குழாய் விஷயத்தில் இனிமேல்தான் பெரிய சங்கடம் வரப்போகிறது. தெருவுக்கடியில் ஓடும் குழாயைப் பராமரிக்கும் செலவு, அதில் நூறு வீடு இருந்தாலும் இருபது வீடு இருந்தாலும் பெரிதாக மாறாது. வசதி உள்ளவர்கள் ஒவ்வொருவராக ஹீட் பம்புக்குப் போய்க் குழாயைத் துண்டித்துக்கொண்டால், அந்தச் செலவு மீதிப்பேர் தலையில் விழும். கடைசியில் குழாயில் இருப்பது யார்? வாடகைக்காரர், வயதானவர், கையில் காசில்லாதவர். மற்றவர்கள் போனதற்கான கட்டணத்தையும் அவர்களே கட்டுவார்கள். இதற்கு இப்போதே வழி யோசிக்காவிட்டால் பிறகு நேரம் இருக்காது.

மாற்று கொடுக்காமல் தடை மட்டும் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2017-ன் வடசீனா சாட்சி. பெய்ஜிங், தியான்ஜின், சுற்றியுள்ள 26 நகரங்கள் என்று மொத்தம் 28 நகரப் பகுதிகளில் அந்தக் குளிர்காலத்துக்குள் லட்சக்கணக்கான வீடுகளை நிலக்கரியிலிருந்து எரிவாயுவுக்கும் மின்சாரத்துக்கும் மாற்ற வேண்டும் என்று உத்தரவு. நிலக்கரி அடுப்புகளை எடுத்துவிட்டார்கள். பல கிராமங்களில் குழாய் வேலை முடியவில்லை, குழாய் வந்த இடத்தில் எரிவாயு போதவில்லை. ஹெபெய் மாகாணத்தின் சூயாங் வட்டாரத்தில் வகுப்பறை குளிரைத் தாங்க முடியாமல் பிள்ளைகள் பள்ளி முற்றத்தில் வெயிலில் உட்கார்ந்து படித்த செய்தி வந்து, நாடே பேசியது. டிசம்பரில், மாற்றம் முடியாத இடங்களில் நிலக்கரியையே எரித்துக்கொள்ளலாம் என்று அரசு இறங்கிவந்தது. நிலக்கரிப் புகையைக் குறைத்தே ஆக வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் புகையால் முதலில் மூச்சுத் திணறியதும் அதே கிராமத்துக்காரர்கள்தான். ஆனால் நகரத்தின் வானம் தெளிய, கிராமத்துப் பிள்ளை குளிரில் உட்கார வேண்டும் என்ற ஏற்பாட்டை எப்படி ஒப்புக்கொள்வது?

நல்லபடியாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். பிரான்சில் 2020 முதல் நடக்கும் வீட்டுப் புதுப்பிப்பு உதவியில் குடும்ப வருமானத்தை நீலம், மஞ்சள், ஊதா, இளஞ்சிவப்பு என்று நான்கு நிறமாகப் பிரித்து, நீலத்துக்கு, அதாவது மிகக் குறைந்த வருமானத்துக்கு, அதிகப் பங்கு கொடுக்கிறார்கள். ஜெர்மனியில் 2024 முதல் அடிப்படை மானியம் 30 சதவீதம். வரிக்குரிய வருமானம் ஆண்டுக்கு 40,000 யூரோவுக்குள் இருக்கும் குடும்பம் தன் சொந்த வீட்டில் குடியிருந்தால் அதன்மேல் இன்னொரு 30. வேறு ஊக்கங்களும் சேர்ந்தால் 70 வரை போகலாம். அதிலும் சொந்த வீடு என்ற நிபந்தனை நிற்கிறது, பாருங்கள்.

டென்மார்க்கின் வழி எனக்கு இன்னும் பிடிக்கிறது. அங்கே ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வீடுகளுக்கு ஊருக்குப் பொதுவான ஒரு நிலையத்திலிருந்து வெந்நீர் குழாய் வழியாக வந்து வீட்டைச் சூடாக்குகிறது. 1979-ல் இதற்கென்றே சட்டம் போட்டார்கள். சூட்டை விற்று லாபம் எடுக்கக்கூடாது, ஆகும் செலவுக்குத்தான் கட்டணம் என்பது அங்கே விதி. நிலையத்தில் நேற்று நிலக்கரி எரித்திருக்கலாம், இன்று மரக்கழிவு எரிக்கலாம், நாளை பெரிய ஹீட் பம்ப் வைக்கலாம். மாற்றம் ஒரே இடத்தில் நடக்கிறது, அந்தத் தெருவில் உள்ள பணக்காரர் வீட்டுக்கும் வாடகைக்காரர் வீட்டுக்கும் ஒரே நாளில் போய்ச் சேருகிறது. யாரிடமும் சேமிப்பு இருக்கிறதா என்று கேட்க வேண்டியதில்லை. வீடுகள் தள்ளித்தள்ளி இருக்கும் இடத்தில் குழாய் கட்டுப்படியாகாது, அது உண்மைதான். ஆனால் நெருக்கமான தெருக்களில், அடுக்குமாடிகளில், ஒவ்வொருவரும் தனித்தனியே விண்ணப்பம் போட்டு அலைவதை விட இது எவ்வளவோ மேல்.

என்னிடம் யாராவது கேட்டால், மானியப் படிவத்தின் முதல் கேள்வியை மாற்றச் சொல்வேன். வீடு யார் பெயரில் இருக்கிறது என்பது நாலாவதோ ஐந்தாவதோ வரட்டும். போன குளிர்காலத்தில் உங்கள் வீட்டுக்குள் எத்தனை டிகிரி இருந்தது, வீட்டில் குழந்தையோ வயதானவரோ நோயாளியோ இருக்கிறாரா, இதை முதலில் கேட்கட்டும். அந்த வரிசையில் மேலே வரும் வீட்டுக்கு முழுச் செலவையும் கொடுக்கட்டும், கையிலிருந்து ஒன்றும் கேட்க வேண்டாம். வீட்டுக்காரருக்கு மானியம் கொடுத்தால், இத்தனை வருடம் வாடகை ஏற்றவும் கூடாது, காலி செய்யச் சொல்லவும் கூடாது என்று எழுதி வாங்கட்டும். எனக்குக் கொடுத்த பணம் இரண்டு வருடம் தாமதமாக வந்திருந்தால் எங்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

பழைய வீட்டுக்கு இப்போதும் மாதம் ஒருமுறையாவது போகிறேன். நாங்கள் இருந்த மாடியில் வேறு குடும்பம் வந்துவிட்டது, அதே மீட்டர், அதே வடக்குச் சுவர். தரைத்தளத்து அம்மா அங்கேயேதான் இருக்கிறார். போன வருடம் அவருக்குச் சுவரில் மாட்டும் சின்ன வெப்பமானி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். ஏதாவது உதவிக்கு விண்ணப்பிக்கும்போது எண் கையில் இருந்தால் நல்லது என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவைக்கச் சொன்னேன். கோணல்மாணலான எழுத்தில் விடாமல் எழுதுகிறார். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் நலம் விசாரிப்பதற்கு முன்பே எண்ணைச் சொல்லிவிடுவார். 12, 13, 12, 11, 13.

போன வாரம் நேரில் போனேன். உள்ளே நுழைந்ததும் வெப்பமானியைப் பார்த்தேன், 15 காட்டியது. பரவாயில்லையே என்று சொல்லிக்கொண்டே திரும்பினால் ஹீட்டரில் இரண்டு கம்பியும் சிவந்து எரிந்துகொண்டிருந்தன. நான் வருவேன் என்று சொல்லியிருந்ததால் ஒரு மணி நேரத்துக்கு முன்பே போட்டு வைத்தாராம்.